பழைய புல்லட்டுக்கு லித்தியம் பேட்டரி: சார்ஜிங்கைச் சரிசெய்த பிறகு பேட்டரி வாங்குங்கள்

காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு இஞ்சின்) ராயல் என்ஃபீல்ட் புல்லட் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இப்போது தவறாமல் வரும் கேள்வி, "லித்தியம் பேட்டரி போடலாமா?" என்பது. போடலாம். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே இடத்தில் மாட்டிவிட்டு வருகிற வேலை இல்லை இது. இந்த வேலையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள்தான் பேட்டரி. அதற்கு முன்னால் ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி), வயர், எர்த் (வண்டியின் உடம்போடு சேரும் இணைப்பு) மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்களின் பேட்டரிதான் சில மாதங்களில் வீங்கிப்போகிறது.

1955-ல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியதிலிருந்து திருவொற்றியூரில் பல தலைமுறை புல்லட்கள் உருவாகியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மின் அமைப்பு இல்லை. இங்கே நான் முக்கியமாகப் பேசுவது 12 வோல்ட், கிக்கர் மட்டும் உள்ள காஸ்ட் அயர்ன் வண்டியைப் பற்றி. 6 வோல்ட் வண்டி, யெஸ்டி, ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்களுக்கும் அளந்து பார்க்கும் முறை ஒன்றுதான். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

உங்களுக்கு இது தேவையா?

தினமும் ஓடுகிற வண்டி, லெட் ஆசிட் பேட்டரி மூன்று வருடம் ஒழுங்காக உழைக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். கிக்கர் வண்டிக்கு செல்ஃப் மோட்டாரைச் சுற்ற வேண்டிய தேவையே இல்லை. எடை குறையும் என்பதும் புல்லட் மாதிரி கனமான வண்டியில் பெரிய விஷயம் இல்லை.

வாரம் ஒரு நாள், மாதம் இரண்டு நாள் மட்டும் வெளியே எடுக்கிற வண்டிக்குத்தான் லித்தியம் உண்மையான உதவி. சும்மா நிற்கும்போது தானாகக் கரைவது மிகக் குறைவு. ஆசிட் கசிந்து டூல் பாக்ஸ் பெயின்டையும் க்ரோமையும் தின்னாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம். பேட்டரி பாதி கரைந்த நிலையிலும் வோல்டேஜ் பெரிதாக இறங்காது என்பதால் பாயின்ட் இக்னிஷன் (இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரன்ட்டை ஒரு சின்ன இயந்திர ஸ்விட்ச் திறந்து மூடும் வகை) வண்டியில் ஸ்பார்க் ஒரே பலத்தில் வரும்.

பழைய சார்ஜிங் ஏன் ஒத்துவராது

6 வோல்ட் லூகாஸ் ஆல்டர்னேட்டர் (இஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) காலத்தில் ரெகுலேட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. ஹெட்லைட் ஸ்விட்சே பகலில் சில காயில்களையும் இரவில் எல்லாக் காயில்களையும் பேட்டரியோடு சேர்த்தது. மிஞ்சின கரன்ட்டை பேட்டரியே வாங்கிக் கொதித்துத் தீர்த்தது. அடுத்து 12 வோல்ட் வந்தபோது, பிரிட்டிஷ் வண்டிகளில் ஸீனர் டையோடு வந்தது. அது 14-லிருந்து 15 வரை எங்கேயோ ஓர் இடத்தில் வோல்டேஜை வெட்டும், அவ்வளவுதான். லெட் ஆசிட் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. 15 வோல்ட் போனால் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும், நாம் ஊற்றிவிடுவோம்.

லித்தியத்தில் ஆவியாக ஒன்றும் இல்லை. வண்டிக்கு ஏற்ற வகை லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சுருக்கமாக எல்எஃப்பி என்பார்கள். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் தொடராகச் சேர்ந்து 12.8. ஒரு செல்லுக்கு அதிகபட்சம் 3.65 வோல்ட், அதாவது மொத்தம் 14.6. அதற்கு மேல் ஒரு புள்ளிகூடப் போகக் கூடாது. கீழே, செல் 2.5 வோல்ட்டுக்கு, அதாவது மொத்தம் 10-க்கு இறங்கினால் நிரந்தரச் சேதம்.

"உள்ளே பிஎம்எஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பார்கள். பிஎம்எஸ் என்றால் பேட்டரிக்குள் இருக்கிற காவல் சர்க்யூட். இந்த இடம் மிக முக்கியம். வோல்டேஜ் அளவுக்கு மீறினால் பிஎம்எஸ் பேட்டரியை வண்டியிலிருந்து துண்டித்துவிடும். பேட்டரி தப்பித்தது. ஆனால் ஆல்டர்னேட்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் வோல்டேஜைப் பிடித்து வைத்திருந்த பேட்டரியோ இப்போது இல்லை. அந்த நொடியில் வயரிங்கில் வோல்டேஜ் எகிறி பல்பு, எல்இடி, சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி) எது கிடைத்தாலும் எரித்துவிடும். ராத்திரி நெடுஞ்சாலையில் ஹெட்லைட் பளிச்சென்று மின்னி அணைகிறது என்றால் என்ன ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பிஎம்எஸ் கடைசித் தற்காப்பு மட்டுமே. ரெகுலேட்டர் செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது.

முதல் வேலை: உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வேண்டிய கருவிகள்: நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கிரிம்பிங் பிளையர், ஹீட் ஷ்ரிங்க் குழாய். வயர் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முப்பது வருட வண்டியில் எத்தனை எலக்ட்ரீஷியன்கள் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மீட்டர் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

பேட்டரியின் எந்த முனை சேஸிஸோடு இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சகஜம். லித்தியம் பேட்டரிக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் உடம்பே நெகட்டிவாக இருக்கிற ரெகுலேட்டரை பாசிட்டிவ் எர்த் வண்டியில் போல்ட் போட்டால் நேரடி ஷார்ட்.

அடுத்து ஹெட்லைட். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியைப் போட்டு ஹெட்லைட் ஸ்விட்சைப் போடுங்கள். எரிந்தால் அது பேட்டரியிலிருந்து, டிசியில் ஓடுகிறது. எரியாமல், இஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்து ஆக்சிலேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கினால் ஏசி. நம் ஊர் 12 வோல்ட் புல்லட்களில் பல இந்த இரண்டாவது வகை. ஆல்டர்னேட்டரின் ஒரு பகுதி ஹெட்லைட்டுக்கு, மறு பகுதி பேட்டரிக்கு என்று பிரிந்திருக்கும்.

டைனமோ உள்ள வண்டியா, காந்த ரோட்டர் உள்ள ஆல்டர்னேட்டரா என்பதும் தெரிய வேண்டும். காந்த ரோட்டர் எப்போதும் தன்னால் முடிந்த அளவு உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். ஷன்ட் வகை ரெகுலேட்டர் மிச்சத்தை ஷார்ட் செய்து சூடாக வெளியே விடும். ஆகவே லித்தியம் போட்டதால் ஸ்டேட்டருக்கு, அதாவது ரோட்டரைச் சுற்றிச் சுழலாமல் நிற்கும் காயில்களுக்குப் புதிதாகச் சுமை ஏறாது. டைனமோவும், 1969-ல் வந்த ஹோண்டா சிபி750 மாதிரி, காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் (மின்காந்தம்) வைத்த ஆல்டர்னேட்டரும் அப்படி இல்லை. கேட்டால் கேட்ட அளவுக்குக் கொடுக்கப் பார்க்கும். லித்தியம் நிறையக் கேட்கும். அந்த வண்டிகளுக்கு கரன்ட்டையும் கட்டுப்படுத்துகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேண்டும், இல்லாவிட்டால் காயில் கருகும். 6 வோல்ட்டிலேயே வைத்திருக்க விரும்பினால் இரண்டு செல் பேட்டரி, 6.4 வோல்ட், சார்ஜிங் உச்சம் 7.3. மற்ற எல்லாம் இதே வழிதான்.

இரண்டாவது வேலை: இருக்கிற நிலைமையை அளந்து எழுதி வையுங்கள்

இதைப் பழைய லெட் ஆசிட் பேட்டரி மாட்டியிருக்கும்போதே செய்ய வேண்டும். செத்துப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு அளந்தால் எல்லா எண்ணும் தப்பாக வரும். பக்கத்தில் யாரிடமாவது நல்ல பேட்டரி கடன் வாங்கியாவது மாட்டுங்கள்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியின் முனைகளிலேயே பிடியுங்கள். வண்டி ஓடாமல் ஒன்று, ஐடிலில் ஒன்று, ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கி ஒன்று, ஹெட்லைட் போட்டு ஒன்று. ஓடாதபோது நல்ல லெட் ஆசிட் 12.6, 12.7 காட்டும். பாதி முறுக்கலில் 13.8-லிருந்து 14.4 வரை வந்தால் உங்கள் சார்ஜிங் ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை. 13-ஐயே தொடவில்லை என்றால் ஸ்டேட்டரில் தொடங்கி எர்த் வரை தேட வேண்டும்.

இப்போது ஸ்டேட்டர் வயர்களை ரெகுலேட்டரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஓம் அளவில் ஒவ்வொரு ஜோடியையும் பாருங்கள். ஒரே காயிலின் இரு முனைகளுக்கு நடுவே மிகச் சின்ன எண் வரும், ஓரிரு ஓம் அல்லது அதற்கும் கீழ். எந்த வயர் எந்த வயரோடு ஜோடி என்று இப்போது தெரிந்துவிடும். துணி டேப் சுற்றி அ, ஆ என்று எழுதி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு வயருக்கும் சேஸிஸுக்கும் நடுவே பாருங்கள். ஒன்றும் காட்டக் கூடாது. ஏதாவது எண் வந்தால் காயிலின் ஒரு முனை எர்த்தில் இருக்கிறது, அல்லது இன்சுலேஷன் போய்விட்டது.

ஆர்எக்ஸ்100 போன்ற வண்டிகளில் ஒரு முனை தொழிற்சாலையிலேயே எர்த் செய்யப்பட்டிருக்கும். அது பழுதில்லை. ஆனால் ஏசி அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்துகிற ஃபுல் வேவ் ரெகுலேட்டர் போட வேண்டுமானால் அந்த முனையை எர்த்திலிருந்து எடுத்துத் தனி வயராக வெளியே கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் டையோடு ஒன்று ஷார்ட்டாகி ரெகுலேட்டர் அங்கேயே போய்விடும்.

கடைசியாக, வயர்கள் பிடுங்கிய நிலையிலேயே இஞ்சினை ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏசியில் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் அளங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும், பாயின்ட் வண்டி அதை நம்பித்தான் ஓடுகிறது. வேகம் ஏற ஏற வோல்டேஜ் சீராக ஏற வேண்டும். ஏறாமல் ஓர் இடத்தில் தேங்கி நின்றால் காயிலுக்குள் ஷார்ட், அல்லது ரோட்டரின் காந்தம் பலம் இழந்திருக்கிறது.

புல்லட்டில் ஸ்டேட்டர் இருப்பது பிரைமரி செயின் கேஸுக்குள், எண்ணெயில். அதைத் திறக்க நேர்ந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். வெளியே வரும் வயர் செயினில் உரசுகிறதா? வயரின் ரப்பர் உறை எண்ணெயில் ஊறிக் கல்லாகிவிட்டதா? ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் போகிறதா? ஒரு பக்கம் போகாவிட்டால் ரோட்டர் உரசிக்கொண்டிருக்கும் அல்லது சீக்கிரம் உரசும். ஸ்டேட்டர் நட்டுகளைத் தளர்த்தி நடுவில் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள். இங்கே அவசரம் வேண்டாம். ஒரு மாலை முழுவதும் ஆனாலும் பரவாயில்லை.

மூன்றாவது வேலை: மின்கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 35 வாட் ஹெட்லைட் 13.5 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் தின்னும். டெயில் லைட் 5 வாட், 0.4 ஆம்பியர். பாயின்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயில் மூன்று ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும், சராசரியாக இரண்டு என்று வையுங்கள். மொத்தம் 5 ஆம்பியர். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் 3 ஆம்பியர்தான் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 2 ஆம்பியரைப் பேட்டரி தர வேண்டும். அண்ணா சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் 2 ஆம்பியர்-மணி போய்விட்டது. உண்மையான கொள்ளளவு 4 உள்ள பேட்டரியில் அது சரிபாதி.

ஹெட்லைட்டை 18 வாட் எல்இடிக்கு மாற்றினால் அந்தச் செலவு 1.3 ஆம்பியராகக் குறையும், பற்றாக்குறையில் பெரும்பகுதி காணாமல் போகும். ஆனால் எல்இடி சீரான டிசி கேட்கும். ஏசி ஹெட்லைட் வண்டியில் நேராக மாட்டினால் மினுக்கும். அதனால்தான் முழு டிசிக்கு மாற்றுவது இந்த வேலையோடு சேர்ந்தே வருகிறது.

நான்காவது வேலை: ரெகுலேட்டர்

வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஃபுல் வேவா? எத்தனை வோல்ட்டில் நிறுத்தும்? எத்தனை ஆம்பியர் தாங்கும்? ஹாஃப் வேவ் ரெகுலேட்டர் அலையின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தும், சார்ஜிங் கரன்ட்டும் துடித்துத் துடித்து வரும். லித்தியத்துக்கு 14.2-லிருந்து 14.4-க்குள் நிறுத்துகிற ஃபுல் வேவ் வேண்டும். "14.5, அரை வோல்ட் முன்னே பின்னே" என்று எழுதியிருந்தால் அது 15 வரை போகலாம் என்று அர்த்தம், வேண்டாம். மூன்று ஃபேஸ் மோட்டார் சைக்கிள் ஷன்ட் ரெகுலேட்டர் கைவசம் இருந்தால், மூன்று உள்ளீடுகளில் இரண்டை மட்டும் பயன்படுத்தி ஒற்றை ஃபேஸ் ஸ்டேட்டரோடு பெரும்பாலும் ஓட்டலாம். மாட்டியபின் அளந்து உறுதிசெய்யுங்கள்.

ஏசி ஹெட்லைட் புல்லட்டில் இரண்டு ஜோடி வயர் இருக்கும். முழு டிசிக்கு மாற்றும்போது இரண்டையும் பேட்டரிக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் ஒன்று மற்றொன்றை எதிர்த்து, வோல்டேஜ் ஒன்றும் இல்லாமல் காயில் மட்டும் சூடாகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதல் ஜோடியின் ஒரு முனையை இரண்டாவது ஜோடியின் ஒரு முனையோடு தற்காலிகமாகச் சேருங்கள். சேராத இரு முனைகளுக்கு நடுவே, இஞ்சின் ஓடும்போது ஏசி வோல்டேஜைப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கமாக வந்தால் இரண்டும் ஒரே திசை, அந்த இரு முனைகளையும் சேர்க்கலாம். இரண்டின் கூட்டுத்தொகை வந்தால் ஒரு ஜோடியைத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் ஏதோ ஓர் எண் வந்தால் காயில்களின் சுற்று ஒன்றுபோல் இல்லை. சேர்க்காதீர்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஏசியை டிசியாக்கும் தனி ரெக்டிஃபயர் போடுங்கள். பழைய ஏசி ரெகுலேட்டரை முழுவதுமாக எடுத்துவிடுங்கள்.

ரெகுலேட்டரை டூல் பாக்ஸுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் இங்கே நிறைய. அது தப்பு. ரெகுலேட்டர் தொட முடியாத அளவுக்குச் சூடாகும், அதுவே அதன் வேலை. காற்று படும் இடத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்புத் தகட்டில், ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி போல்ட் செய்யுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம்.

ஐந்தாவது வேலை: வயரும் எர்த்தும்

நல்ல ரெகுலேட்டர் போட்டும் பேட்டரியில் 13.2 மட்டும் வருகிறது என்று வருகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி வயர்தான். ரெகுலேட்டரின் பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் தனியாக நேராக பேட்டரிக்குப் போகட்டும். நடுவில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், 15 ஆம்பியர் ஃப்யூஸ். நெகட்டிவும் அதே தடிமனில் நேராக பேட்டரிக்கு. சேஸிஸை மட்டும் நம்ப வேண்டாம். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. லக் போட்டுக் கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள். புல்லட் நடுங்குகிற நடுக்கத்தில் முறுக்கிய இணைப்பு நிற்காது.

இஞ்சின் பாதி வேகத்தில் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டர் பாசிட்டிவிலும் மறு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழ் வர வேண்டும். நெகட்டிவ் பக்கமும் அதேபோல. அதிகம் வந்தால் அந்த வழியில் எங்கோ துரு இருக்கிறது.

இங்கே ஆம்பியர் மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஹெட்லைட் தலையில் உட்கார்ந்திருக்கிற அந்த ஊசிக்காரர். பாயின்ட் வண்டிக்காரர்களுக்கு அது வெறும் அலங்காரம் இல்லை. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தும்போது பாயின்ட் மூடியிருந்தால் ஊசி இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்த அந்த இடத்தில் டிகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு உதைத்தால் ஒரே உதையில் பிடிக்கும், கணுக்காலும் தப்பிக்கும். எனவே விளக்கு, இக்னிஷன் செலவு வழக்கம்போல ஆம்பியர் மீட்டர் வழியாகவே போகட்டும். ரெகுலேட்டரின் சார்ஜிங் வயரை மட்டும் நேராக பேட்டரிக்குக் கொடுங்கள். இனி ஊசி சார்ஜைக் காட்டாது, செலவை மட்டும் காட்டும். சார்ஜைப் பார்க்க ஹேண்டில் பக்கம் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று, சாவியைப் போட்டால் மட்டும் ஓடுகிற மாதிரி. முப்பது வருட மீட்டரின் உள்ளே இருக்கிற மெல்லிய பட்டை வழியாக லித்தியம் இழுக்கிற முதல் வேக சார்ஜை அனுப்பாமல் இருப்பது அதற்கும் நல்லது.

டிசிக்கு மாற்றிய ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ் போடுங்கள். பழைய ஸ்விட்ச் நன்றி சொல்லும்.

ஆறாவது வேலை: இப்போது பேட்டரி வாங்கலாம்

பெட்டியின் மேல் எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று இருக்க வேண்டும். லேப்டாப் செல், மின் சைக்கிள் செல் பிரித்தெடுத்து யாராவது மலிவாகக் கட்டித் தந்தால் வாங்காதீர்கள். அவை வேறு வேதியியல். மூன்று செல் தொடரின் உச்சம் 12.6 வோல்ட். உங்கள் ரெகுலேட்டர் தருவது 14.4. தீப்பிடிக்கும் கணக்கு அது. நான்கு செல் போட்டால் உச்சம் 16.8, அது வண்டியில் ஒருநாளும் நிறையாது.

ஆம்பியர்-மணியில் ஒரு சூட்சுமம் உண்டு. சில தயாரிப்பாளர்கள் "லெட் ஆசிட் 12-க்குச் சமம்" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றும் பலத்தை வைத்துச் சொல்வது. உண்மையான கொள்ளளவு மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம். கிக்கர் வண்டிக்கு அந்தப் பலம் வேண்டாம், கொள்ளளவுதான் வேண்டும். வாட்-மணி என்று எழுதியிருந்தால் அதை 12.8-ஆல் வகுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். 51 வாட்-மணி என்றால் 4 ஆம்பியர்-மணி.

லேபிளில் அதிகபட்ச சார்ஜிங் கரன்ட் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் ஆல்டர்னேட்டர் தரக்கூடியதைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். பிஎம்எஸ் உள்ளே இருக்கிறதா, வெறும் செல் சமன்படுத்தும் சர்க்யூட் மட்டுமா என்று கடைக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

ஏழாவது வேலை: மாட்டுதல், சோதித்தல்

புதிய பேட்டரியை லித்தியம் சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டு மாட்டுங்கள். காலிப் பேட்டரியை ஆல்டர்னேட்டர் நிரப்பட்டும் என்று விடக் கூடாது. நெகட்டிவ் எர்த் வண்டியில் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். லித்தியம் பெட்டி சின்னது என்பதால் பழைய இடத்தில் ஆடும், சுற்றிலும் ஃபோம் திணித்து ஸ்ட்ராப் போடுங்கள். முனைகளின் போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். இரண்டு நாள் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ஓடாத நிலையில், சார்ஜரிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து, 13.3 அல்லது 13.4 காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து ஐடிலில் பாருங்கள், பிறகு பாதி முறுக்கலில், பிறகு ஹெட்லைட் போட்டு. அரை மணி நேரம் ஓட்டி, ரெகுலேட்டர் நன்றாகச் சூடான பிறகு எல்லாவற்றையும் திரும்ப அளங்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் அளந்துவிட்டு முடித்துவிடுகிறவர்கள் அதிகம். சூட்டில்தான் ரெகுலேட்டரின் குணம் தெரியும். பாதி முறுக்கலில் 14.4-ஐ ஒட்டி நின்று, எந்த வேகத்திலும் அதைத் தாண்டாமல் இருந்தால் வேலை முடிந்தது. 14.6-ஐத் தாண்டினால் உடனே நிறுத்தி பேட்டரியைக் கழற்றுங்கள், ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுங்கள்.

பழக்கத்தில் மாற வேண்டியவை

லெட் ஆசிட் சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும். ஹார்ன் கம்மும், இண்டிகேட்டர் சோம்பும். லித்தியம் கடைசி வரை நன்றாக இருந்துவிட்டு சட்டென்று நின்றுவிடும். 13.3-க்கும் 13.1-க்கும் நடுவிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும். எனவே ஓடாத வண்டியில் 13.0 பார்த்தால் சார்ஜ் போடுங்கள். 12.8 வரை காத்திருக்க வேண்டாம்.

சாவி எடுத்த பிறகு எவ்வளவு கரன்ட் கசிகிறது என்று மில்லி ஆம்பியரில் அளங்கள். 2 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு மாதத்தில் 1.4 ஆம்பியர்-மணி போகும், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அலாரம், யுஎஸ்பி சார்ஜர், ஜிபிஎஸ் இருந்தால் இன்னும் அதிகம். மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் நிற்கப் போகிற வண்டி என்றால், பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது நெகட்டிவைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பேட்டரி கடையில் "ராத்திரி போட்டுட்டு காலையில வாங்கிக்கோங்க" என்பார்கள். லித்தியத்தை அங்கே கொடுக்காதீர்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் வோல்டேஜை எங்கேயும் நிறுத்தாது. சல்ஃபேஷன் (லெட் ஆசிட் தகடுகளில் படியும் உப்பு) நீக்கும் வசதியுள்ள நவீன சார்ஜரும் ஆகாது, அதன் துடிப்புகள் 15 வோல்ட்டைத் தாண்டும். ஸ்டாண்டில் வெல்டிங் வைக்கிற நாளில் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். இஞ்சின் ஓடும்போது முனையைக் கழற்றி "சார்ஜ் வருதா பாரு" என்று சோதிக்கிற மெக்கானிக் இன்னும் இருக்கிறார். அவரை மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலில் ஜனவரி அதிகாலையில் உறைபனி விழும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்வது செல்லுக்குள் உலோக லித்தியம் படிய வழி செய்யும். வண்டியை விடுதி வராந்தாவுக்குள் ஏற்றி வையுங்கள், அல்லது வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். சமவெளியில் பிரச்சினை மறுபக்கம்: வேலூர் மே மாத வெயிலில் நின்ற வண்டியின் டூல் பாக்ஸைத் திறந்து கை வைத்துப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் பேட்டரியைச் சூடாக்காத இடம் பார்த்து வைக்க வேண்டும். சிலிண்டருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு மறைப்பாக இருந்தால் நல்லது.

வீங்கின, உப்பின பேட்டரி கண்ணில் பட்டால் அழுத்தவோ துளைக்கவோ வேண்டாம். வெளியே மண் மேல் தனியாக வைத்துவிட்டு, வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. உங்கள் பழைய லெட் ஆசிட் பேட்டரி இன்னும் 12.6 காட்டுகிறது என்றால் மட்டும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். அடுத்த முறை ரெகுலேட்டரைச் சோதிக்க அது வேண்டும்.